மடித்து வைத்த புரதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் அத்தானும் நலமாக இருந்தால் அந்த நலத்தைக் கெடுக்கவே இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை மூட்டை முடிச்சோடு வருகிறேன், மாடி அறையைக் காலி செய்து வை. கடைசிவரை மகளோடு இருக்கலாம் என்ற ஆசையை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன்.

நடந்ததைக் கேள். காலமெல்லாம் துணிக்கடையில் துணி மடித்தவன் நான். எது கசங்கிக் கிடந்தாலும் என் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். நேற்றுக் காலை சாப்பாட்டு மேசையில் ஒரு நீளக் கம்பி, வண்ண வண்ண மணி கோத்தது, சுருண்டு முறுக்கிக் கண்டபடி கிடந்தது. ஏதோ குழந்தை விளையாடிவிட்டுப் போட்டது என்று நினைத்தேன்; இந்த வீட்டில் குழந்தையே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. சிக்கெடுத்து, நீவி, நேராக்கி, போர்வை மடிப்பதுபோல் எட்டாக மடித்து, ரப்பர் போட்டு அலமாரியில் வைத்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவு.

அது என் மகளுடைய புரதமாம். முட்டையில் இருக்கிறதே, அந்த இனம்தான். ஆனால் இது உடம்புக்குள் ஏதோ வேலை பார்க்கிற ஒன்று. பல வாரம் உட்கார்ந்து அதன் உருவத்தைக் கம்பியில் வளைத்திருக்கிறாள். மறுநாள் காலை ஆராய்ச்சிக்கூடத்தில் நிரந்தர வேலைக்கு நேர்முகம், அதைக் காட்டித்தான் பேச வேண்டும்.

"அப்பா, அது சிக்கு இல்லப்பா. அந்த மடிப்புதான் அதுக்கு உயிரே. நீட்டிட்டா வெறும் கயிறு" என்றாள்.

"நானும் மடிச்சுதானேம்மா வச்சிருக்கேன்?"

மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"முட்டையை வேகவச்சுட்டீங்கப்பா" என்றாள். வெந்தால் புரதம் இப்படித்தான் மடிப்புக் குலையுமாம், முட்டை கெட்டியாவதும் அதனால்தானாம். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருப்பாள் போல, "கவலப்படாதீங்க, மணி நிறத்தைப் பாத்துத் திருப்பி வளைச்சுடுவேன். சில புரதம் பிரிஞ்சாலும் சரியான தண்ணியில விட்டா தானாவே பழையபடி மடிஞ்சுக்கும், தெரியுமா?" என்றாள்.

இதை ஏன் என்னிடம் சொன்னாள்? அவள் குளிக்கப் போனதும் ஒரு வாளித் தண்ணீரில் கம்பியை விட்டேன். வெந்நீர் கூடாது என்கிற அளவுக்கு விஷயம் எனக்குப் புரிந்திருந்தது. மூடி போட்டு, தொந்தரவு செய்யாமல் தள்ளி உட்கார்ந்தேன். திறந்து பார்த்தால் கம்பி ரப்பரோடு அப்படியே இருக்கிறது, மணிச் சாயமெல்லாம் தண்ணீரில் இருக்கிறது. துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடும்போது அவள் வந்து நின்றாள். திட்டவில்லை அக்கா. தொங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

இன்று காலை அந்த வெளுத்த கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாயில்லாமல் வளர்த்த பெண், அவள் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டேன். சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அவள் வந்ததும் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் வீட்டில் சுருண்டு கிடப்பது எதுவானாலும் நான் வருவதற்குள் பூட்டி வை.

இப்படிக்கு,
இனி எதையும் தொடாத உன் தம்பி

பின்குறிப்பு: மாடி அறையைக் காலி செய்ய வேண்டாம். வேலை கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் கம்பியைத் தூக்கிப் பிடித்து, "எங்கப்பா இதைப் பிரிச்சு, தண்ணியிலயும் போட்டுப் பாத்தார். தானா மடியல. அதனால நான் மடிக்கிறேன்" என்று சொல்லி, நிறமில்லாமலே ஒவ்வொரு வளைவாக அவர்கள் கண்ணெதிரில் வளைத்துக் காட்டினாளாம். வீட்டுக்கு வந்தவள் என் பெட்டியைப் பார்த்தாள். அடுக்கியிருந்த சட்டைகளை அள்ளிக் கட்டிலில் கொட்டிக் கசக்கிவிட்டு, "இதையெல்லாம் மடிச்சு முடிச்சுட்டு எங்க வேணா போங்க" என்றாள். மடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து, மடித்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.