கூடாரத்துக்குப் போட்ட பூட்டு

சேசு மரி சூசை துணை

கென்யா நாட்டுக் காட்டிலிருந்து,
ஜூன் 2003

அன்பு மச்சினன் கிளெமென்டுக்கு, உன் அத்தான் இருதயநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், உன் அக்கா வியாகுலம், வாயும் வயிறுமாக இருக்கும் என் மகள் கிளாரா, மாப்பிள்ளை ராபின், சுற்றுவட்டாரத்து யானைகள் அனைவரும் மாதா புண்ணியத்தில் சுகம். அவ்விடம் நீயும் உன் சம்சாரம் ரூபியும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் செபம்.

ஈஸ்டர் விருந்தில், பேகம்பூர் பிரியாணியை வாயில் வைத்துக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனைக்கும் நடுவில் நீ என்ன சொன்னாய்? "அத்தான், மகளத் துணிவீட்டுக்காரனுக்குக் கட்டிக் குடுத்தீக. தலைப்பிரசவமும் கூடாரத்துலதான். நீங்க கூப்பிடப் போயி, கைய வீசிக்கிட்டு வரப்போறீக" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். முதல் பிள்ளைக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரக்கூட வக்கில்லாதவனா நான்? கிளாராவோடுதான் திண்டுக்கல் மண்ணில் காலை வைப்பேன் என்று எழுந்து நின்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கட்டும்.

முதலில் கூடாரம். நீ நினைக்கிற சர்க்கஸ் கூடாரம் இல்லை அப்பு. உள்ளே கட்டில், மெத்தை, மேசை, பின்பக்கம் குளியலறை. வெந்நீரைக் கொண்டுவந்து உயரத்தில் தொங்கும் பையில் ஊற்றுவார்கள், நாம் சங்கிலியை இழுத்தால் தலையில் கொட்டும், முதல் நாள் நான் சட்டையோடு இழுத்துவிட்டேன், அது வேறு கதை. ஒரு மரத்தை வெட்டாமல், ஒரு செங்கல் வைக்காமல் கட்டியிருக்கிறார்கள். நாளைக்கே சுருட்டிக்கொண்டு போனாலும் அந்த இடத்தில் புல் முளைத்துவிடுமாம். தங்க வருகிறவர்கள் கொடுக்கும் வாடகையில்தான் இந்தக் காட்டையும் மிருகங்களையும் காப்பாற்றுகிறார்கள். அதற்கெல்லாம் மேனேஜர் யார்? நீ சொன்ன துணிவீட்டுக்காரன்தான்.

ஆனால் ஒரு குறை. கதவு இல்லை. ஜிப்பு! கால்சட்டைக்கு வைக்கிற ஜிப்பு! திண்டுக்கல்லில் பிறந்தவன் பூட்டாமல் வெளியே போவானா? பெட்டியில் கிடந்த நம்மூர்ப் பூட்டை எடுத்து, இரண்டு ஜிப்பையும் சேர்த்துப் பூட்டி, தொங்கிப் பார்த்துவிட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். உள்ளே அப்படி என்ன என்கிறாய். நம் மண்டிப் புளிதான், நத்தம் புளி. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டாளே! கூடாரத்துக்குள் தின்கிற சாமான் வைக்கக் கூடாது என்று ராபின் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது உண்மைதான். புளி தின்கிற சாமானா? சமையல் சாமான்.

பொழுது சாயும் நேரம், வெளியே நெருப்பு மூட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், முதலாளியம்மா மார்கரெட்டும் இருக்கிறார், ஒரு கொம்பன் யானை வந்தது. வந்தது யாரையும் பார்க்கவில்லை, நேரே என் கூடாரத்துக்குப் போய்விட்டது. ராபினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, உள்ள என்ன வச்சிருக்கீக?"

"ஒண்ணுமில்ல மாப்ள. கொஞ்சூண்டு புளி."

"போச்சு மாமா! அது ருசி கண்டுச்சுன்னா தெனமும் வரும். கடைசியில எவனாவது சுட்டுப்புடுவான். அதுகளக் காப்பாத்தத்தான இந்தக் கேம்ப்பே இருக்கு! என் வேலையும் போச்சு!"

காவலாட்கள் கை தட்டினார்கள், தகரத்தை அடித்தார்கள், யானை காதில் வாங்கவில்லை. பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது. இழுத்துப் பார்த்தது. அப்புறம் பக்கத்துத் துணியை மேலிருந்து கீழ்வரை சர்ரென்று கிழித்தது. ஏலே கிளெமென்ட், கூடாரம் கிழிந்தது, பூட்டு திறக்கவில்லை! இதை நம் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்.

உன் அக்கா எழுந்தாள். "வந்ததுலருந்து இந்த வெள்ளைக்காரிக எம்மக வயித்தையே பாத்துக்கிட்டு இருக்காளுக. அம்புட்டும் கண்ணு! அதான் யானையா வந்து நிக்குது!" என்றவள், சமையல் கூடாரத்துக்கு ஓடி, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய் வத்தல் பையையும் கல்லுப்பையும் தூக்கி வந்து, கிளாராவை உட்காரவைத்துச் சுற்றினாள். வீட்டில் என்றால் ஏழெட்டு வத்தல் போடுவாள். யானை அளவு திருஷ்டி அல்லவா, பையோடு நெருப்பில் கொட்டினாள். "அத்தை, வேணாம்!" என்று ராபின் கத்துவதற்குள் புகை கிளம்பிவிட்டது. ஒரு ஜெர்மன்காரர் நாற்காலியோடு சாய்ந்தார். மார்கரெட் அம்மா இருமிக்கொண்டே சிலுவை போட்டார். காற்று கூடாரத்துப் பக்கம் திரும்பியது. யானை ஒரு தடவை பிளிறி, தும்பிக்கையை வாய்க்குள் விட்டுக்கொண்டு, புளியைத் தொடாமலே காட்டைப் பார்த்து ஓடியே போய்விட்டது! வத்தல் கமறினால் திருஷ்டி இல்லை என்றல்லவா நம் பக்கம் கணக்கு? அப்படிப் பார்த்தால் என் மகள்மேல் ஒரு கண்ணும் இல்லை என்பதும் அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது.

மறுநாள் காலை மார்கரெட் அம்மா வந்தார். துணிக்குப் பணம் கேட்பார் என்று நான் கட்டிலுக்குப் பின்னால் நின்றேன். அவரோ உன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கிராமங்களில் யானை மக்காச்சோளத்தை அழிக்கிறதாம், சனங்கள் ஈட்டி எறிகிறார்களாம், காயம் படாமல் விரட்ட இந்தப் புகைதான் வேண்டுமாம். "என்ன வேண்டும், கேளுங்கள்" என்றார். உன் அக்கா சட்டென்று, "மாப்பிள்ளைக்கு லீவு வேணும். எம்மகளத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். கிடைத்துவிட்டது! 'அவர விட்டுட்டு வரமாட்டேம்ப்பா' என்று அதுவரை முரண்டு பிடித்த கிளாராவும் தலையாட்டிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வத்தல் இல்லை, சந்தோஷம்.

ஆகவே மச்சினா, நாங்கள் நாலு பேரும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு நாலு மாலையோடு வா. ஈஸ்டர் விருந்தில் சிரித்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வர வேண்டும். பேண்டு வாத்தியம் உன் பொறுப்பு.

வனத்தைப் படைத்தவர் உங்கள் வீட்டையும் காப்பாராக. ரூபிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெற்றியுடன் திரும்பும் அத்தான்,
இருதயநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன மாற்றம். கிராமத்து ஆட்களுக்குப் புகை போடப் பழக்க, சோள அறுப்பு முடியும்வரை உன் அக்காவை இங்கேயே இருக்கச் சொல்லி மார்கரெட் அம்மா கேட்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளும் சரி என்றுவிட்டாள். அப்புறம் பிரசவம் பார்ப்பது யார் என்று கத்தினேன். கிளாரா சிரிக்கிறாள். "தாய்வீடுன்னா அம்மா இருக்குற வீடுதானப்பா? அம்மா இங்கனதான இருக்காக!" என்கிறாள். நைரோபியில் ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. ராபின் லீவைப் பிரசவ நேரத்தில் எடுத்துக்கொள்வானாம். ஆக, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், நான் சொன்ன சொல் தப்பவில்லை. மண்டியைப் பார்க்க ஆள் இல்லாததால் நான் மட்டும் வருகிறேன். பேண்டு வேண்டாம், மாலை வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். ரூபியிடம் உன் அக்கா வரும்வரை எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல். பூட்டையும் சாவியையும் கிளாராவிடமே கொடுத்துவிட்டேன், இனி அதுவும் நம் வீடுதானே. ஆமாம், கையை வீசிக்கொண்டுதான் வருகிறேன். சிரிப்பதாக இருந்தால் ஸ்டேஷனிலேயே சிரித்து முடித்துவிடு.