கண்காட்சிக்குப் போய்வந்த ஹரிதாஸ்

புதுப் போன் வாங்குகிறவர்களால் ஊருக்குக் கெடுதல் இல்லை. புதுப் போனைப் பார்த்துவிட்டு மட்டும் வருகிறார்களே, அந்த இனத்திடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் ஹரிதாஸ், கோலாலம்பூரில் நடந்த கைப்பேசிக் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வந்தார். அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. பாயைப் போலச் சுருட்டுகிற போன், நாடி பார்க்கிற மோதிரம், வானத்துச் சாட்டிலைட்டோடு நேராகப் பேசுகிற சேவை என்று கண்டதையெல்லாம் கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் விரித்துச் சொன்னார். யாராவது தம் போனை வெளியே எடுத்தால், "இன்னுமா இத வச்சிருக்க? மியூசியத்துல குடுத்துரு லா" என்றார். இத்தனைக்கும் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எந்தப் போனுக்கும் சிக்னல் எடுக்காது. பேச வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் போன் கம்பெனி அதிகாரி ஒருவர் டவருக்கு இடம் பார்க்க வந்தார். லயமே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மணியம்மாவின் மகள் ஈப்போவில் நிறைமாத கர்ப்பிணி. "டவர் வந்தா வீட்டுலேருந்தே மவ கொரலக் கேப்பேன்" என்று மணியம்மா முன்னால் வந்து நின்றாள். பேசும் பொறுப்பை ஹரிதாஸிடம் விட்டார்கள். விவரம் தெரிந்தவர் அல்லவா?

"உங்களுக்கு டவர் வேணும்தானே?" என்றார் அதிகாரி.

ஆமாம் என்றால் முடிந்தது. வெறும் ஆமாம் சொல்லவா அவ்வளவு தூரம் போய்வந்தார்?

"டவரா? அதெல்லாம் பழசு சார். இனிமே சாட்டிலைட்டுதான் லா."

"அப்போ வேணாமா?"

வேணும் என்று சொல்ல ஹரிதாஸ் வாயெடுத்தார். ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படி இறங்கி வருவது?

"கொஞ்ச நாள் பொறுத்தாப் போதும்" என்றார்.

மலைமேல் இரும்பு ஏற்றும் தொல்லை விட்டதென்று அதிகாரி கைகொடுத்துவிட்டுப் போனார். டவர் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம், கொட்டுகிற மழையில் மணியம்மா வந்து கதவைத் தட்டினாள். "தம்பி, மவள நேத்தே ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம், ஈப்போவுலேருந்து வந்தவங்க சொன்னாங்க. ஒன் சாட்டிலைட்டு வந்துருச்சா?"

ஹரிதாஸ் குடையை எடுத்தார். சேற்றில் வழுக்கி, குடையைக் காற்றுக்குக் கொடுத்து, நான்கு காலில் மேடேறிப் பேசிவிட்டு வந்தார்.

"பொம்பளப் புள்ளக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மணியம்மா அழுதுகொண்டே சிரித்து, அவர் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள். ஹரிதாஸ் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அக்கா, கண்காட்சியில ஒரு தொட்டில் பாத்தேன். புள்ள அழுதா அதுவே போன் போடும்."

சிரிக்கிறீர்களா? நேற்று உங்களிடம் ஒருவர் பஸ் எத்தனை மணிக்கு என்றுதானே கேட்டார்? நீங்கள் மணியைச் சொல்லாமல் எங்கே ஆரம்பித்தீர்கள்?