மண் மிதியாத ஷூ

ஊரார் கண்களையெல்லாம் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற கடைக்காரர் ஒருவர் ஒரு சபதம் எடுத்தார்: 'இந்த ஷூ என் உயிர் உள்ளவரை மண்ணை மிதிக்காது!'

சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தார். பக்கத்து அறையில் மனைவி இருந்தாள். "இனி இந்த வீட்டுக்குள்ள இன்னொரு ஜோடி ஷூ வந்தா, ஒண்ணு அது இருக்கும், இல்லே நான் இருப்பேன்" என்று முத்திரை குத்துவது போலச் சொல்லியிருந்தாள். அவளுக்கு வேலையும் தபால் ஆபீஸில்தான். ஆகவே ஷூ டேபிள் ஃபேன் பெட்டிக்குள் புகுந்து பரணில் ஏறியது.

ஞாயிறுதோறும் அவள் காய்கறி வாங்கப் போனதும் தரிசனம். வெள்ளைத் தோல், சிவப்புப் பட்டை, கணுக்காலை மூடும் கழுத்து. பழைய பாஸ்கெட்பால் மாடல். மெல்லிய பிரஷால் மேலெல்லாம் துடைப்பார். பரணில் இவ்வளவு தூசியா என்று வாரம் தவறாமல் வியப்பார். அடிப்பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்ததே இல்லை. மண்ணே படாத அடியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிறு பெருமை தாங்காமல் கீழ்வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முன்னாடி ஓட்டை ஓட்டையா இருக்கே, பூச்சி அரிச்சிடுச்சா சார்?"

"அட, காத்து போறதுக்குய்யா! கழுத்து ஏன் இவ்வளவு உசரம்? குதிச்சு இறங்கறப்போ கணுக்கால் பிசகக்கூடாது. ஆடறவன் காலுக்காக எவனோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சு வரைஞ்சிருக்கான். இன்னிக்கு ஆடாதவன்கூட ஆசைப்படறான். ஒரு கோடுகூட அழகுக்காகப் போடலே. ஆனா எல்லாக் கோடும் அழகு! அடியில வட்டம் இருக்கும் பாரு, ஒத்தக் கால்ல நின்னு சுத்தறதுக்கு."

மெக்கானிக் திருப்பினார். டயரைத் தடவுகிற விரலால் தடவினார்.

"வலது கால்ல வட்டம் இருக்கு சார். இடது கால்ல மொழுமொழுன்னு இருக்கே?"

"என்னது!"

"இடது கால்ல நின்னு சுத்தற ஆளு. ஓட்டம் பலம். ஒரு வருஷம் ஓடியிருக்கும்."

"உளறாதே! இதை யாரும் போட்டதே இல்லே."

"ரப்பர் பொய் சொல்லாது சார்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒரே கால் அளவு. கேட்கவும் முடியாது, கேட்டால் ஷூ இருப்பது அம்பலமாகிவிடும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், "நடந்துட்டு வரேங்க" என்று அவள் பையோடு கிளம்பியதும் பரணில் ஏறினார். பெட்டியில் காற்றுதான் இருந்தது. அவள் பின்னாலேயே ஓடினார்.

தபால் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு மைதானம். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து அவர் மனைவி கைக்கு வந்தது. இடது கால் ஊன்றியது. உடம்பு ஒரு சுற்று. மறிக்க வந்த இரண்டு நெட்டைப் பெண்கள் காற்றை மறித்துக்கொண்டு நின்றார்கள். பந்து வளையத்துக்குள் விழுந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வருஷமாகக் கையில் வைத்துக் கும்பிட்ட ஷூவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மனைவியையும்தான். சண்டை போட வந்த மனுஷர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அவள் வியர்வையைத் துடைத்தபடி வந்தாள். "வந்துட்டீங்களா?"

"ஷூ இருக்கறதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"டேபிள் ஃபேன் ஹால்ல ஓடுது. அதோட பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திட்டுப் பரண்ல ஏறினா தெரியாதா?"

"இப்படி ஆடுவேன்னு நீ சொல்லவே இல்லையே?"

"ஷூ வாங்கினேன்னு நீங்க சொன்னீங்களா?"

அவர் பார்வை ஷூவுக்கு இறங்கியது.

"அழுக்காக்கிட்டேன்னு கோவமாங்க?"

"அழுக்கா? நான் எடுக்கறப்போ வெறும் பரண் தூசி..." பாதியில் நின்றுவிட்டார்.

"சனிக்கிழமை நான் அழுக்காக்கறேன், ஞாயித்துக்கிழமை நீங்க தொடைச்சு வைக்கறீங்க. நல்லாத்தானே போயிட்டிருக்கு? டீம்ல எல்லாரும் கேக்கறாங்க, உன் ஷூ மட்டும் எப்படிடி புதுசாவே இருக்குன்னு."

"நீ என்ன சொன்னே?"

"வீட்ல ஆள் இருக்குன்னு சொன்னேன்."

மறுநாள் காலை அவர் வீட்டுக்குள் பதினோரு ஜோடி அழுக்கு ஷூ வந்து இறங்கின. ஒன்றுகூட அவருடையதில்லை.