கம்பளி உறை போட்ட ஹேண்ட் பிரேக்

நல்ல பொருளை எடுத்துப் புழங்கும் பழக்கம் என் புகுந்த வீட்டில் கிடையாது. பீங்கான் தட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், நாங்கள் எவர்சில்வரில் சாப்பிடுவோம். சோபா வாங்கின அன்று அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. சித்திரை மாசத்தில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுத் தோல் கொஞ்சம் சோபாவோடு தங்கிவிடும். இந்த வரிசையில் என் மாமனார் பத்தொன்பது வருஷமாகப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த இன்னொரு பொருள், அவருடைய காரின் ஹேண்ட் பிரேக்.

அதை யாரும் இழுக்கக் கூடாது. "சும்மா சும்மா இழுத்தா கேபிள் தேஞ்சிடும்மா. அது அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பார். கள்ளக்குறிச்சியில் அப்படி என்ன அவசரம் வந்துவிடப் போகிறது? ஊரே தோசைக்கல் மாதிரி சமம். சாவியை எடுத்துவிட்டு இறங்கினால் மறுநாள் காலை வரை வண்டி நின்ற இடத்தில் நிற்கும். மாமியார் வேறு, ஸ்வெட்டர் பின்னியதில் மிஞ்சிய நூலை வைத்து அந்தக் கைப்பிடிக்கு ஒரு பச்சை உறை பின்னி, நுனியில் சிவப்புக் குஞ்சமும் வைத்துவிட்டார். (முதல் தடவை பார்க்கிறவர்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கிளி படுத்திருக்கிறது என்று பயந்ததுண்டு.) நான் என் கைப்பையை அதில்தான் மாட்டுவேன். பத்தொன்பது வருஷத்தில் அதற்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

நான் முப்பத்தாறு வயசில் கார் ஓட்டப் பழகியவள். பயிற்சிப் பள்ளியில் இருபது நாள். வாத்தியார் சொன்னதில் என் மண்டையில் அழுத்தமாகத் தங்கிய ஒரே விஷயம், "நியூட்ரலுக்குக் கொண்டாந்துட்டுத்தான் எறங்கணும்" என்பது. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் கூலிங் கிளாஸ் வாங்கினேன். கறிவேப்பிலை வாங்கக்கூடக் காரில்தான் போனேன். என் தலைக்கனம் இருந்த இருப்புக்கு அதற்குத் தனியாக ஒரு சீட் பெல்ட் போட்டிருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி சரவணனுக்குப் பன்னிரண்டாவது இடம் வந்தது. பதினொன்று தட்டிப் போயிருந்தது. பால் சொசைட்டியில் வேலை, குடி கிடையாது, ஆள் பார்க்க நன்றாகவே இருப்பான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். பெண் வீட்டில் "இன்னா தம்பி, பொண்ண புடிச்சிருக்கா?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பான். அவர்கள் ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று சேர்ந்து தேடுவார்கள். திரும்பி வந்து இரண்டு நாளில் தரகர் போன் பண்ணுவார்: "பையன் ஊமையான்னு கேக்கறாங்க."

பன்னிரண்டாவது பெண் மலர்க்கொடி, கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில். அப்பா கச்சிராயபாளையத்துக்காரர். மலையில் மளிகைக் கடை வைத்து, நிலம் வாங்கி, அங்கேயே வீடும் கட்டிவிட்டவர். பெண்ணைப் பார்த்து இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துத் தட்டு மாற்றிவிடலாம் என்று பேச்சு. என் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இதுவும் போச்சின்னா நான் இனிமே அவன் ஜாதகத்தத் தொட மாட்டேன். பால் கேனோட குடும்பம் நடத்தட்டும்."

அம்மாவின் அந்தப் பயத்துக்கு நடுவில் நான் போய், "சீர்த்தட்டெல்லாம் என் கார்லதான் வரணும், நான்தான் ஓட்டுவேன்" என்று அடம் பிடித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள், தியாகதுருகம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் பாயிடம் வண்டியைக் காட்டினேன். ஆயில் பார்த்தார், டயருக்குக் காற்று அடித்தார்.

"ஹேண்ட் பிரேக் பாத்துடவாம்மா? மலைக்குப் போறேன்னு சொல்றீங்க."

"அது வாணாம் பாய். அது புதுசு. பத்தொம்போது வருஷத்துல ஒருவாட்டிகூட இழுத்ததில்ல."

பாய் என்னையும் அந்தக் குஞ்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இழுக்காம இருந்தாத்தாம்மா அது ரிப்பேரு" என்றார். ஏதோ வேலை ஜாஸ்தி காட்டப் பார்க்கிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டேன். (பாய், இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் காரில் பின் சீட்டில் தம்பியும் தட்டுகளும். முன் சீட்டில் அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா. முழங்கால் வலிக்காரி என்பதால் காலை நீட்ட முன் சீட். வெற்றிலை, தேங்காய், பூ, புடவை வைத்த முதல் தட்டு அவள் மடியில். அதை யார் கையிலும் கொடுக்க மாட்டாள், குடும்பத்தில் மூத்த சுமங்கலி அவள்தான்.

பதினொன்றரைக்குள் நல்ல நேரம். மலை அடிவாரம் வரை நேரத்துக்கு வந்துவிட்டோம். அப்புறம் முதல் கொண்டை ஊசி வளைவைப் பார்த்தேன். அதற்கு மேல் ஃபர்ஸ்ட் கியரை விட்டு நான் மாறவே இல்லை. பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போகும் லாரி, அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஹாரன்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி இது, பின்னாடி ஊர்வலமே வந்துக்கினு கீது. பொண்ணு வூட்டுக்காரங்க நம்மள அழைச்சிக்கினு போறாங்களா?"

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. எமகண்டம் பிடித்துவிட்டது. இனி ஒன்றரை மணி வரை தட்டு வீட்டுக்குள் போகக் கூடாது. பெண்ணின் அப்பா வாசலிலிருந்தே கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணரைக்கு மேல உள்ள வாங்க. அதுவரைக்கும் அப்படியே நெழல்ல குந்துங்க." எங்கள் ஆட்கள் இருபது பேரும் ரோட்டோரப் பலாமரத்தடியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வீடு ரோட்டுக்குக் கீழே. ரோட்டிலிருந்து இறங்கும் மண் சரிவு, வீட்டு வாசலைத் தொட்டு, பக்கச் சுவரை ஒட்டிப் பின்பக்கம் வரை போகிறது. ஒன்றரை அடித்ததும் தட்டுகளைச் சட்டென்று எடுத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று வண்டியை அந்த மரத்தடியை ஒட்டி, சரிவின் விளிம்பில், மூக்கு வீட்டைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினேன். வாத்தியார் சொன்னபடி நியூட்ரல். பிறகு, மாமனார் சொல்லிவந்த அந்த அவசரம் இதுதான் என்று உணர்ந்து, கைப்பையைக் கழற்றிவிட்டு, குஞ்சத்தைப் பிடித்து இழுத்தேன்.

கரக், கரக், கரக் என்று பதினொரு சத்தம். கைப்பிடி நட்டுக்குத்தலாக நின்று கூரையைப் பார்த்தது. எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு பலம் என்று நினைத்துக்கொண்டேன். "பாத்தியா அத்த, புதுசுன்னா புதுசுதான்." அத்தை கால் வலிக்கிறது என்று காரிலேயே இருந்துவிட்டாள். தட்டு மடியில், கண்ணை மூடினாள்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அத்தை தூக்கத்தில் கொஞ்சம் புரண்டு உட்கார்ந்தாள் போலிருக்கிறது. கார் கிளம்பிவிட்டது.

சத்தமே இல்லை. நானாவது பரவாயில்லை, கிளம்பும்போது இரண்டு தடவை இஞ்சினை அணைத்துத்தான் கிளம்புவேன். இது வெண்ணெய் மாதிரி போனது. முதலில் பார்த்தவர் என் அப்பா. என்னைப் பார்த்து, "நீ இங்க கீறியே, அப்ப வண்டிய யாரு ஓட்றது?" என்று கேட்டார். நான் கைப்பைக்குள் சாவியைத் தேடினேன்.

ஓடியது சரவணன். பட்டுச் சட்டை, புது வேட்டி, பின் பம்பரை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். வண்டி நிற்கவில்லை, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பாதி வழியில் வேட்டி ஒரு செடியில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன, கோழிகள் பறந்தன. பெண்ணின் அப்பா கைகூப்பியபடியே பக்கவாட்டில் தாவினார். கார் வாசலைத் தாண்டி, சுவரை உரசாமல், பின்பக்கம் போய், சாமை வைக்கோல் போருக்குள் பாதி நுழைந்து நின்றது.

அங்கே பெண் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அலங்காரம் கலையும் என்று யாரும் அவளைச் சாப்பிட விடவில்லையாம். பின்பக்கம் வந்து நின்று, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை யாருக்கும் தெரியாமல் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே என் அத்தை. எதிரில் பட்டுப் புடவையில் பெண்ணைக் கண்டதும், நேரம் வந்துவிட்டது, கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் என்று முடிவு பண்ணி, மடியில் இருந்த தட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இந்தாம்மா, ரெண்டு கையாலயும் வாங்கிக்க."

மலர்க்கொடி கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள். நாங்கள் எல்லோரும் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது, தட்டில் வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில் பச்சை உறை குஞ்சத்தோடு உட்கார்ந்திருந்தது. வண்டி உருண்டபோது அத்தை விழித்து, பயத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்து இழுத்திருக்கிறாள். உறை மட்டும் கையோடு வந்துவிட்டது.

"இது இன்னாங்க?" என்றாள் மலர்க்கொடி. பெண் வீட்டு அம்மா, "அவங்க வூட்டு மொறையா இருக்கும், பேசாம வெச்சிக்கோ" என்று காதில் சொன்னது எனக்கே கேட்டது.

ஆனால் பெண்ணின் அப்பா முகம் சுண்டிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணுகூட ஆவல. எமகண்டத்துல தட்டு பொண்ணு கைக்குப் போயிடுச்சே. இது சரிப்படாதுங்க." என் அப்பா தலையில் கை வைத்தார். அம்மா வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அங்கேயே அந்த வைக்கோல் போருக்குள் புகுந்து மாடு வந்து தின்னும்வரை இருந்துவிடலாம் போலிருந்தது. பதினொரு இடம் அவன் பேசாததால் போனது, இது என் பெருமையால் போகிறது. என் தம்பி கடைசி வரை தனியாக இருந்தால் அதற்கு நான்தான் காரணம். நான் அழுதேவிட்டேன், கூலிங் கிளாஸுக்குள்.

அப்போது காருக்குப் பின்னாலிருந்து சரவணன் எழுந்தான். தலையெல்லாம் வைக்கோல், முழங்காலில் ரத்தம், இடுப்பில் கோடு போட்ட அரை டிராயர். யாரோ ஓடிப்போய் ஒரு துண்டை எடுத்துவந்து சுற்றிவிட்டார்கள்.

மலர்க்கொடி அவனைப் பார்த்தாள். "ஏங்க, ஓடற வண்டிய கையால புடிச்சா நிக்குமா?"

நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் தரையைப் பார்க்கத் தயாரானோம். சரவணன் நிமிர்ந்தான்.

"நிக்காதுங்க. உள்ள எங்க அத்த இருந்தாங்க."

பன்னிரண்டு வீடுகளில் அவன் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான். மலர்க்கொடி வாயில் இருந்த கிழங்கை முழுங்கினாள். பிறகு தன் அப்பா பக்கம் திரும்பினாள்.

"எமகண்டத்துல தட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது, அதானேப்பா? இது எங்க தாண்டுச்சு? பின்னாடி வந்து நிக்குது. பின்னாடி நமக்குப் படியே கெடையாது."

"அதுக்கு…"

"ஒண்ணரைக்கு அவங்க முன்னாடி வரட்டும், நான் உள்ளேருந்து வரேன். இவரயே பேசி முடிங்க, எனக்கு வேற மாப்பிள பாக்க வாணாம்."

பெண்ணின் அப்பா சரவணனைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், போய்ச் சோடா எடுத்துவரச் சொன்னார். ஒன்றரைக்கு எல்லாம் முறைப்படி முன்வாசல் வழியாக நடந்தது. தம்பி கடன் வாங்கின வேட்டியில் உட்கார்ந்தான். எனக்கு ஒரு தட்டுகூடத் தூக்கக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காரை டிராக்டர் வைத்து இழுத்தார்கள். மறுவாரம் பாய் கேபிளை உருவிக் காட்டினார். அது துருப்பிடித்திருக்கவில்லை, துருதான் இருந்தது, கேபிள் போய்விட்டிருந்தது. "தெனம் நாலு வாட்டி இழுத்து வுட்டாத்தாம்மா இது உயிரோட இருக்கும். நாலஞ்சு சத்தத்துல புடிக்கணும். பதினொண்ணு எண்ணிக்கினு இருந்தா வண்டி போயிடும். மலையில கியர்ல போட்டு ஒரு கல்லும் வைங்க" என்றார். வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே மாமனாரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் கவலையோடு கேட்டது ஒன்றே ஒன்று: "ஹேண்ட் பிரேக்குக்கு ஒண்ணும் ஆவலியே?"

இப்போது சரவணனுக்கும் மலர்க்கொடிக்கும் ஒரு பெண் குழந்தை, யு.கே.ஜி. படிக்கிறது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நான் காரை நிறுத்தியதும் சித்தப்பா, மாமா, பெரியம்மா என்று ஒவ்வொருவராக வந்து கையை உள்ளே விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போகிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அத்தையைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் காரை மலையில் ஓட்டிக்கொண்டு போய்ப் பெண் கையில் தட்டைக் கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவைத்தது தான்தான் என்று ரிஷிவந்தியத்திலிருந்து திருக்கோவிலூர் வரை உள்ள அத்தனை சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டாள், அவர்களும் நம்பிவிட்டார்கள். போன வாரம் ஒரு வளைகாப்பில் பொறுக்க முடியாமல், "அத்த, வண்டி ஓட்டினது நானு" என்று நடுவில் புகுந்தேன்.

அத்தை என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "நீ ஓட்டிக்கினு வந்து மரத்தடியிலதானடி நிறுத்துன. பொண்ணுகிட்ட கொண்டுபோயி நிறுத்துனது யாரு?"