ஒரு புடவை, இரண்டு மணப்பெண்கள்

புதிதாகக் கற்ற எதையும் சொந்தக்காரர்களிடம் விளக்கக் கூடாது. நம்பிவிடுவார்கள். என் பெரியப்பா நம்பினார்.

காஞ்சிபுரத்தில் அவருக்கு மாடியோடு ஒரு பட்டுக்கடை. எந்தப் புடவை யாருக்கு விற்றது என்று, கடைப் போன்கள் எல்லாவற்றிலும் ஒரே கணக்கை வைக்கும் பிளாக்செயினில் ஏற்றிவிட்டால், பிறகு யாராலும் மாற்ற முடியாது என்றேன்.

"அது கரண்ட்ட கன்னாபின்னான்னு இழுக்கும்னு சொல்றாங்களேப்பா?"

"எல்லா மெஷினும் ஒத்துக்கிறவரைக்கும் ஓடிக்கினு இருந்தாதான் பெரியப்பா. என் டிசைன்ல பக்கத்துல இருக்கிற ரெண்டு போன் சரின்னா போதும். மத்ததுங்க அப்புறமா தெரிஞ்சுக்கும்."

(அந்த 'அப்புறமா' எப்போது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.)

முகூர்த்த சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழே ஒரு குடும்பம் அரக்கு நிற முகூர்த்தப் புடவை ஒன்றை வாங்கியது. கீழே இருந்த இரண்டு போன்களும் 'விற்றது' என்று பதிந்தன. குஞ்சம் கட்டப் புடவையை மாடிக்கு அனுப்பிவிட்டு அவர்கள் கோயிலுக்குப் போனார்கள்.

மாடியில் இன்னொரு குடும்பம் அதே புடவையைப் பார்த்து மயங்கியது. மாடிப் போன்கள் இரண்டுக்கும் கீழே நடந்தது இன்னும் தெரியாது. 'விற்கவில்லை' என்றன. விற்றுவிட்டார்கள்.

முதல் மணப்பெண் கோயிலிலிருந்து வந்து நுழைய, இரண்டாம் மணப்பெண் புடவையோடு படியிறங்கினாள். அடுத்த நிமிடம் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள்.

"யாருதுப்பா இது?" என்றார் பெரியப்பா.

போன்களைப் பார்த்தேன். "ரெண்டு பேருதும்தான்."

"புடவை ஒண்ணுதானடா இருக்குது!"

"கொஞ்சம் பொறுங்க, எல்லா போனும் பேசி ஒரு முடிவுக்கு வந்துடும்."

வந்தன. குழப்பமாக இருந்தால் இரண்டு விற்பனையையும் ரத்து செய் என்று நான்தான் எழுதிவைத்திருந்தேன். புடவை மறுபடி 'விற்பனைக்கு' என்று காட்ட, விற்பனைப் பெண் அதை இருவர் கையிலிருந்தும் வாங்கி மடித்து மூன்றாவதாக வந்த ஓர் அம்மாளிடம் நீட்டினாள்.

பெரியப்பா என் போனைப் பிடுங்கி மேசைக்குள் போட்டார். முதலில் வாங்கியவர்களுக்கே புடவை. இரண்டாம் பெண்ணுக்குக் கல்யாணம் தை மாதத்தில்தான். அதேபோல் வேறொன்று நெய்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். தரகர் வந்தால் பெரியம்மா முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "பொண்ணு வூட்ல எல்லாரையும் ஒருவாட்டி கேட்டுக்கினு வாங்கப்பா. ரெண்டு பேரு சரின்னா போதும், இவன் தாலி கட்டிடுவான்."