விடு என்றான், விட்டேன்

சில பேருக்குக் குடி, சில பேருக்குச் சீட்டு, எனக்குக் கேரம். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கேரம் ஆடுவதற்காக நான் மன்றம் மாறிய கதையைச் சொல்லத்தான் வெட்கம். இப்போது என் பேத்தி செல்போனில் ஏதோ துப்பாக்கிச் சண்டை ஆடுகிறாள். அதிலும் குழுக்கள் உண்டாம். போன வாரம் ஒரு குழுவை விட்டு இன்னொன்றுக்குப் போய்விட்டாளாம். பழைய குழுவில் திட்டுகிறார்கள், புதிய குழுவில் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புத்தி சொல்லும் தகுதி இந்தக் குடும்பத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு. ஆனால் என் கதையைக் கேட்டால் பாவம், அழுதுவிடுவாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் உதவியாளனாக இருந்தேன். (உதவியாளன் என்றால் ரிப்பன் மாற்றுபவன். வீட்டில் மட்டும் ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்று சொல்லி வைத்திருந்தேன்.) பயிலகம் மூடியதும் நேராகப் பிள்ளையார்பாளையத்து மன்றத்துக்கு ஓடுவேன். மன்றம் என்பது தறிக்காரர்கள் வேலை முடிந்து வந்து கேரம் ஆடும் ஒற்றை அறை. அங்கிருந்த பலகையில் ஒரு மூலை மேடு. காய் நேராகப் போகாது, வளைந்துதான் போகும். எவ்வளவு வளையும் என்று எங்களுக்குத் தெரியும், வெளியாட்களுக்குத் தெரியாது. அந்த அறைக்குள் நாங்கள் தோற்றதே இல்லை. போரிக் பவுடர் தீர்ந்துபோனால் மைதாவைத் தூவுவோம். மைதாவுக்கு எறும்பு வரும். எறும்பை ஊதிவிட்டு ஆடுவோம்.

என் ஜோடி ஏகாம்பரம். பட்டு நெய்கிறவன், என் வயதுதான். பள்ளிக்கூட விடுமுறையில் அவன் வீட்டுத் தறியில் நான் கோர்வைக்கு உட்கார்ந்திருக்கிறேன். புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் ஒரே ஆளால் நெய்ய முடியாது. நெய்கிறவன் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்து, கரைக்கான நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தன் பக்கத்திலிருந்து தள்ளிவிட வேண்டும். ஏகாம்பரம் “விடு” என்பான், நான் தள்ளுவேன். மறுபடி “விடு” என்பான், மறுபடி தள்ளுவேன். நாள் முழுக்க இதே பாட்டுதான். கொஞ்ச காலத்தில் அந்தச் சொல் மூளைக்குப் போவதை நிறுத்திவிட்டு, காதிலிருந்து நேராகக் கைக்குப் போக ஆரம்பித்துவிடும்.

கேரம் ஆடும்போதும் அதே சொல்லை வைத்துக்கொண்டோம். ஜோடி ஆட்டத்தில் பேசக் கூடாது என்பது விதி. ஆனாலும் நான் குறி வைக்கும் காய் தனக்கு வசதியாக இருந்தால் ஏகாம்பரம் தொண்டைக்குள்ளேயே “விடு” என்பான். இதைத் தொடாதே, எனக்கு விட்டுவை என்று அர்த்தம். நான் வேறு எங்காவது தட்டிவிடுவேன். மன்றத் தலைவர் சின்னசாமி ரொம்பக் கண்டிப்பானவர், இருந்தும் உள்ளூர் ஆட்டத்தில் இதைக் கண்டுகொள்ள மாட்டார். தறியில் உட்கார்ந்தவன் வாயில் அது தானாக வருகிறது, அவனை என்ன செய்ய முடியும் என்பார்.

அந்த வருஷம் மெட்ராஸில் ஒரு பெரிய கேரம் போட்டி அறிவித்தார்கள். ஊருக்கு ஒரு ஜோடி. எங்கள் ஊரில் கேரம் என்றால் எங்கள் மன்றமும் காந்தி ரோடு கிளப்பும்தான். இரண்டும் மோதி, ஜெயிக்கிற ஜோடி மெட்ராஸ் போகலாம் என்று முடிவாயிற்று. ஏகாம்பரம் அன்றைக்கே மெட்ராஸுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைத் துணி எடுத்துவிட்டான். ஊரெல்லாம் கட்டுகிற புடவையை நெய்கிறவன், தனக்கென்று ஒரு சட்டைத் துணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காந்தி ரோடு கிளப்பின் சேகர் என்னைத் தேடிக்கொண்டு பயிலகத்துக்கு வந்தான். என் ஆட்டம் மைதாவில் வீணாகிறது என்றான். அவர்களிடம் பம்பாய்ப் பலகை இருந்தது, மின்விசிறி இருந்தது, நாற்காலியில் முதுகு சாய இடம் இருந்தது. நான் ஒரு நாள் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். அங்கேயே தலையாட்டிவிட்டேன்.

ஏகாம்பரத்திடம் சொன்னபோது தறியில் இருந்தான். கையை நிறுத்தாமல், “போவாத வரதா” என்றான். நான் அவனுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். கலைஞன் ஒரே இடத்தில் தேங்கக் கூடாது, நல்ல பலகைதான் நல்ல ஆட்டக்காரனை உருவாக்கும் என்றெல்லாம் பேசினேன். (ரிப்பன் மாற்றுகிறவனின் பேச்சைப் பாருங்கள்.) அவன் நெய்துகொண்டே இருந்தான்.

புதிய கிளப்பில் முதல் நாளே ஒன்று தெரிந்தது. மின்விசிறியைப் போட்டால் பவுடர் பறக்கும். அதனால் ஆடும்போது போடவே மாட்டார்கள். ஆசைப்பட்டு வந்த காற்று தலைக்கு மேலே சும்மா தொங்கியது. நாங்கள் ‘ரெட்’ என்ற சிவப்புக் காயை அங்கே ‘குயின்’ என்றார்கள். காய் தவறினால் நாங்கள் எங்களையே நாலு வார்த்தை திட்டிக்கொள்வோம், அவர்கள் ‘சாரி பார்ட்னர்’ என்றார்கள். நானும் இரண்டே வாரத்தில் குயின், சாரி, பார்ட்னர் மூன்றையும் கற்றுத் தேர்ந்தேன். பாளையத்து மேட்டுப் பலகையையும் எறும்பையும் பற்றிக் கதை சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தேன். சிரித்தார்கள், ஆனால் என்னை ‘பாளையம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய தெருவிலோ என்னைக் கண்டால் “குயினு வருதுபா, வழி விடுங்க” என்றார்கள். ஆக இரண்டு இடத்திலும் எனக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் போயிற்று.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பொதுவான ஒரு சத்திரத்தில். எங்கள் பக்கம் நானும் சேகரும். அந்தப் பக்கம் ஏகாம்பரமும் புதிதாகச் சேர்ந்த ஒருவனும். ஜோடிகள் எதிரெதிரே உட்காருவார்கள் என்பதால், ஏகாம்பரம் எனக்குப் பக்கவாட்டில் வந்து உட்கார்ந்தான். தறியில் உட்கார்வதுபோலவே முழங்கை இடிக்கும் தூரம். அந்தப் புதுச் சட்டையைப் போட்டிருந்தான். நான் பார்க்காத மாதிரி பவுடரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் கடைசி வரை சமமாகவே போயிற்று. முடிவில் எங்களுக்கு ஒரு வெள்ளை, அவர்களுக்கு ஒரு கறுப்பு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சிவப்பு. யார் சிவப்பைப் போட்டுப் பின்னாலேயே தங்கள் காயையும் போடுகிறார்களோ அவர்களுக்கு மெட்ராஸ். என் முறை. சிவப்பு குழியின் வாயிலேயே நின்றது. வெள்ளையும் அப்படித்தான். எறும்பு ஊதினால்கூட விழுந்திருக்கும். நான் ஸ்ட்ரைக்கரை வைத்தேன், குனிந்தேன், விரலை மடக்கினேன்.

பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. “விடு.”

விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவில்லை. ஸ்ட்ரைக்கரை நகர்த்தி, காயே இல்லாத ஒரு மூலைக்குத் தட்டினேன். சேகர் இதை ஏதோ பெரிய உத்தி என்று நம்பி, “குட் பிளான், பார்ட்னர்” என்றான். அடுத்த முறை ஏகாம்பரத்துடையது. சிவப்பைப் போட்டான், பின்னாலேயே கறுப்பையும் போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்து, கையை நீட்டி, “போட்டுட்டோம்டா” என்றேன். ஊரே கேட்கிற மாதிரி நான்தான் சொன்னேன்.

நீட்டிய கையை அவன் பிடித்துவிட்டான். பிடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் யாரும் மிச்சமில்லை, எல்லோரும் எழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

காந்தி ரோட்டுக்காரர்கள் என்னை உளவாளி என்றார்கள். திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், பாளையத்துப் புத்தி என்றார்கள். பாளையத்தார் இந்தத் துரோகி எங்களுக்கு எதற்கு உளவு பார்க்கப் போகிறான் என்று பதிலுக்குக் கத்தினார்கள். நான் வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தது. கடைசியில் சின்னசாமி எழுந்தார். ஏகாம்பரத்தைப் பார்த்து, பேசினாயா என்று கேட்டார். அவன் பேசினேன் என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை.

“பேசி ஜெயிச்ச ஆட்டம் எங்களுக்கு வாணாம்பா. நீங்களே மெட்ராஸுக்குப் போய்க்கிங்க” என்றார் சின்னசாமி.

மெட்ராஸுக்குச் சேகர் வேறொருவனோடு போய், முதல் சுற்றிலேயே திரும்பி வந்தான். மன்றத்தில் ஏகாம்பரத்தை அந்த வருஷம் முழுக்க ஜோடி ஆட்டத்தில் சேர்க்கவில்லை. தடை முடிந்த பிறகும் அவன் தனியாட்டம் மட்டுமே ஆடினான். ஜோடி என்று யாரையும் உட்கார வைத்துக்கொள்ளவே இல்லை.

போட்டிக்கு மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்துகொண்டிருந்தான். நீ சொன்னதால்தானே விட்டேன் என்று உளறினேன். அவன் நெய்வதை நிறுத்தினான். என் முன்னால் அவன் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

“போவாதன்னு சொன்னேன், கேக்கல. விடுன்னு சொன்னேன், ஒடனே கேட்டுக்கின. ஒன் காது என்னா காதுபா அது?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரிக்க முயன்றேன். அவன் கோபித்திருந்தால் நான் தேறியிருப்பேன். மெட்ராஸைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். அவன் வருத்தப்பட்டது மெட்ராஸுக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

என் கல்யாணத்துக்கு வந்தவன், என் மனைவியிடம் இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. காய்கறி வாங்கி வரச் சொன்னால் என் காதில் விழாது, ஆனால் கடைசி வடைக்குக் கை நீட்டும்போது மனைவி “விடு” என்றால் கை தானாகத் திரும்பிவிடும். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மாப்பிள்ளைகூடக் கூச்சம் விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். விருந்தாளிகள் வந்தால் எனக்கு முன்னால் வடையை வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஏகாம்பரம் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறான். பார்த்தால் வா என்கிறான், உட்காரு என்கிறான், காபி சாப்பிடு என்கிறான். அந்த ஒரு சொல்லை மட்டும், அன்றைக்குப் பிறகு, அவன் என்னிடம் சொன்னதே இல்லை.