வைஃபைக்குப் பூட்டுப் போட்ட விவரம்

பட்டாபிராம்,
ஞாயிறு காலை.

என் மதிப்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய மச்சான் பக்தவத்சலம் அவர்களுக்கு, ரவிச்சந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சரசாவும் மகள் மதிவதனியும் சௌக்கியம். வீட்டு இன்டர்நெட் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறது. வேப்பம்பட்டில் நீங்களும் எழிலரசி அக்காவும் மகன் நிர்மலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைப்பதற்குள் வந்துவிடும் ஊருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் உங்கள் போனை முதலில் பார்ப்பது நிர்மல்தான். இது அவன் பார்க்கக் கூடாத விஷயம்.

போன மாதம் காதுகுத்து விழாவில் பந்திக்குக் காத்திருந்தபோது நீங்கள் சொன்னீர்களே, 'நிர்மல் என்கிட்ட பேசறதே இல்ல மாப்ள, நான் அவன் ரூம் கதவுகிட்டதான் பேசிக்கினு இருக்கேன்' என்று. எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று அன்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மதி பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சண்டையும் இல்லை, அதுதான் கொடுமை. சண்டை என்றால் சமாதானமாவது செய்யலாம். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், 'அம்மா, அப்பாவ டிவி சவுண்டக் கொறைக்கச் சொல்லு' என்று தகவல் சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வரும். சின்ன வயதில் நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பெண், மச்சான். எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

எல்லாவற்றுக்கும் அந்த போன்தான் காரணம் என்று முடிவுகட்டி, எங்கள் தெருவுக்கெல்லாம் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் துலுக்கானத்தைக் கூப்பிட்டு வைஃபைக்கு ஃபில்டர் போடச் சொன்னேன். யாருக்கு எவ்வளவு திறக்கலாம் என்று நாமே வைத்துக்கொள்ளலாமாம்: சிறு குழந்தை, வளரும் பிள்ளை, பெரியவர். நானோ ராணுவ டேங்க் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவன், சோதிக்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விட்டதில்லை. அதனால் மொத்த வீட்டையும் சிறு குழந்தையில் போட்டுவிடு, நான் ஒவ்வொன்றாகச் சோதித்துத் திறந்துகொள்கிறேன் என்றேன். 'ஊட்ல அம்மாவும் கீறாங்க, ரோசன பண்ணிக்க சார்' என்றான் துலுக்கானம். நான் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சரசா சீரியலுக்காக, வைஃபையில் ஓடும் எங்கள் டிவியைப் போட்டால் ஒரு கரடி ஆடிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிக்கொடுக்கிறது. மீன் வெட்ட அரிவாள்மனை வாங்கலாம் என்று தேடியிருக்கிறாள், ஆயுதம் என்று தடுத்துவிட்டது. நான் சிரித்தேன், சிரித்துவிட்டு எங்கள் தொழிற்சாலையின் இணையப் பக்கத்தைத் திறந்தால் அதுவும் ஆயுதம், எனக்கும் அனுமதி இல்லை. வாழ்நாளெல்லாம் டேங்கை முட்டிபோட்டுச் சோதித்தவனுக்கு டேங்க் படம் பார்க்க வயது போதாதாம். தடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டுமானால் 'அனுமதி கேள்' என்ற பொத்தானை அமுக்கி, காரணம் எழுதி அனுப்ப வேண்டும், அது என் போனுக்கு வரும். என் போனோ பகலெல்லாம் தொழிற்சாலை கேட்டில் இருக்கும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சரசா கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய நான் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்தாள். பொத்தானை அமுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். 'என் ஊட்ல நான் ஏன் மனு போடணும்' என்று கரண்டியோடு நேரில் வந்து நின்றாள். அவளைப் பெரியவர் பிரிவுக்கு உடனே மாற்றிவிட்டேன்.

ஆனால் மதி பொத்தானை அமுக்கினாள், மச்சான்! முதல் நாள் கேட்டில் போனை வாங்கித் திறக்கிறேன், 'இயற்பியல் பக்கம். காரணம்: டெஸ்ட்' என்று வந்திருக்கிறது. அனுமதித்துவிட்டு, என்ன பாடம் என்று சும்மா கேட்டு வைத்தேன். 'அலைகள்' என்று பதில் வந்தது. சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்று அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அடுத்த நாள் ஏதோ தவளைப் பக்கம், காரணம் 'சும்மா'. சும்மா என்பதெல்லாம் காரணம் ஆகாது என்று எழுதினேன். 'நீங்க ஞாயித்துக்கிழமை ஃபுல்லா சும்மாதான இருக்கீங்க, யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க' என்று கேட்டிருந்தாள். அப்புறம் காரணம் எழுதும் கட்டத்தில் காரணம் வருவதே நின்றுபோனது. டேங்க்குக்குள் வேர்க்காதா, உங்களுக்கு மேனேஜரைக் கண்டால் பயமா, அம்மாவை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்றெல்லாம் வந்தது. ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியதும் கேட்டுக்கு ஓடுகிற முதல் ஆள் நான்தான். கூட வேலை செய்பவர்கள் எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வந்ததுதான் பெரியது. கப்பல் ஓட்டும் படிப்பைப் பற்றிய பக்கம். 'இதான் எனக்குப் பிடிச்சிருக்குப்பா. சொன்னா சிரிப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு' என்று எழுதியிருந்தாள். நம் இரண்டு குடும்பத்திலும் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, மெரினாவில் கணுக்கால் நனைந்தாலே உங்கள் தங்கை கத்துவாள். ஆனால் நான் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது, அதை ஒளிக்க என்ன இருக்கிறது. அனுமதித்துவிட்டு, நானும் கூடப் பார்க்கலாமா என்று கேட்டேன். இரவு சாப்பிட்டதும் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கப்பல் எவ்வளவு பெரிது என்று காட்டினாள். சரசாவிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே மச்சான், தாமதிக்க வேண்டாம். துலுக்கானம் வேப்பம்பட்டுக்கும் வருவான். நிர்மலைச் சிறு குழந்தையில் போடுங்கள், மொத்தமாகப் பூட்டுங்கள். பிள்ளைகளைப் பேச வைக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. அக்காவுக்கு என் வணக்கம், நிர்மலுக்கு ஆசிகள், உங்கள் முட்டிவலி சீக்கிரம் குறையட்டும்.

இப்படிக்கு,
மகிழ்ச்சியில் தூக்கம் வராத
ரவிச்சந்திரன்

பி.கு: மேலே எழுதியதை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது சரசா வாங்கிப் படித்துவிட்டு (ஆமாம், கப்பலையும் சேர்த்து), 'அவ போன்லதான் தினமும் டேட்டா இருக்கே, நீங்கதான ரீசார்ஜ் பண்றீங்க' என்றாள். போனில் வைஃபையை அணைத்துவிட்டால் ஃபில்டரே கிடையாதாம். மதி முதல் நாளிலிருந்தே எதை வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். அப்புறம் ஏன் இத்தனை நாள் என்னிடம் கேட்டாய் என்று மதியிடமே போய்க் கேட்டேன். 'கேட்டா நீங்க பதில் போட்டீங்க, அதான்' என்றாள். வேலைக்கு ஆகாத ஃபில்டர் எதற்கு, வந்து கழற்றிவிடு என்று துலுக்கானத்துக்குப் போன் செய்தேன். அவன் வந்து சேர்வதற்குள் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு அனுமதிக் கோரிக்கை வந்துவிட்டது. துலுக்கானத்துக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.